மாணிக்கவேல் என்ற பெயரில்

வேலூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் புடவையை மடியில் விரித்துப் போட்டுக்கொண்டு, "எதிர்க்கடையிலயும் இதே பார்டர்தான் காட்னாங்க. கலருதான் வேற" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த புடவைக்குக் கையை நீட்டினாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த காசிநாதனுக்கு மென்றுகொண்டிருந்த வெற்றிலை வாயிலேயே நின்றுவிட்டது. கிளிமூக்கு மாங்காய் போட்ட அந்தப் புடவை பிள்ளையார்பாளையத்துத் தறியிலிருந்து இறங்கி முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. அந்த பார்டரில் நெய்த முதல் புடவையே அதுதான்.

அது இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷத்து ஆனி மாதம். சித்திரையிலிருந்து இது மூன்றாவது தடவை. முதல் தடவை தற்செயல் என்றார்கள். இரண்டாவது தடவை தறிக்காரர்களைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்கள். இந்தத் தடவை காசிநாதன் யாரையும் சத்தம் போடவில்லை. மாடிக்கு ஆள் அனுப்பி ரேணுகாம்பாளைக் கூப்பிட்டார்.

ரேணுகாம்பாள் கடையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். ஐயம்பேட்டையில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற வீட்டில் பிறந்து, காலை பஸ்ஸில் நின்றபடியே போய் பி.எஸ்ஸி. படித்தவள். பில் போடுகிற கம்ப்யூட்டர்களும் டிசைன் அறையின் லேப்டாப்களும் அவள் பொறுப்பு. அவள் புருஷன் மாணிக்கவேல் அதே கடையில் டிசைன் போடுகிறான். முன்பு கிராப் தாளில் கட்டம் கட்டமாகச் சாயம் வைத்ததை இப்போது திரையில் செய்கிறான். பூ போடுவதில் அவனை அடிக்க ஆளில்லை என்று தரகர்கள் சொல்வார்கள். ஆனால் மாடியை விட்டு இறங்காதவனாதலால் பெயர் தெரிந்த அளவுக்கு அவன் முகம் ஊரில் யாருக்கும் தெரியாது.

"கதவை சாத்தும்மா" என்றார் காசிநாதன். "வூட்டுக்குள்ள எலி பூந்திருக்குது. நான் முதல் புடவையை அறுக்கறதுக்குள்ள அவன் கடையில தொங்குது. அந்த டிசைனெல்லாம் எங்க இருக்குது?"

"சர்வர்ல இருக்குது மொதலாளி."

"யார் யாரு அதைத் தொறக்கலாம்?"

ரேணுகாம்பாள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு உள்ளதைச் சொன்னாள். "நம்ம வயர்லெஸ்ஸு பாஸ்வேர்டு தெரிஞ்ச யாரு வேணா தொறக்கலாம்."

"யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

கடையின் முன்பக்கம் கண்ணாடியும் பளிங்குமாகப் புதிது. பின்பக்கம் சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடு. சுவர் ஒவ்வொன்றும் இரண்டடி கனம். டிசைன் அறை அங்கேதான் மாடியில் இருந்தது. வயர் இழுத்தால் எலி கடித்துப் போட்டது. அதனால் மூன்று வருஷத்துக்கு முன், பின் சந்தில் நெட் சென்டர் வைத்திருக்கும் பழனியைக் கூப்பிட்டு வயர்லெஸ் பெட்டிகளை மாட்டினார்கள். ரேணுகாம்பாள் வேலைக்கு வந்ததும் பழனிக்குக் கடையில் வேலையில்லாமல் போயிற்று. ஆனால் அவன் வைத்த பாஸ்வேர்டு அப்படியே இருந்தது. டிசைன் அறையில் தினசரி காலண்டருக்கு மேலே ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தது. கூரியர்காரர் முதல் டீ கொண்டுவருகிற ஆள் வரைக்கும் அதைப் படித்திருப்பார்கள்.

"இத்தினி நாளா கதவைத் தொறந்து போட்டுக்கினு தறிக்காரனைப் போயி திட்டிக்கினு இருந்தேனா?" என்றார் காசிநாதன்.

"மாத்திடலாம் மொதலாளி. ஆளாளுக்குத் தனிப் பேரு, தனி பாஸ்வேர்டு. உள்ள வரணும்னா பேரைச் சொல்லணும். சர்வர் சரிபார்த்துதான் வுடும். யாரு எப்ப வந்தாங்க, எப்ப போனாங்கன்னு அதுவே பதிவு பண்ணி வச்சிக்கும்."

காசிநாதன் நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பதிவுல வேண்டாத நேரத்துல ஒரு பேரு வந்தா எங்கிட்ட சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"மாணிக்கவேலு பேரு வந்தாலும்?"

"சொல்லுவேன் மொதலாளி" என்றாள் அவள். வராது என்ற தைரியத்தில் யோசிக்காமல் வந்த வார்த்தை அது.

ஆடி மாதம் வியாபாரம் மந்தமாக இருந்தபோது வேலையை முடித்தாள். காலண்டருக்கு மேலிருந்த காகிதத்தைக் கிழித்தாள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் புதுப் பாஸ்வேர்டு போடச் சொன்னாள். பாஸ்வேர்டு போட வந்தவர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தவர்கள்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள்.

டிசைன் அறைக்குத் தலைவர் வீரபாகு. இருபத்திரண்டு வருஷத்து ஆள். "ஆளுங்க மேல நம்பிக்கை இல்லன்னு நேரா சொல்லிடும்மா. இதுக்கு எதுக்கு இவ்ளோ சுத்து?" என்றார்.

"நம்பிக்கை இல்லன்னு யாருண்ணே சொன்னா?"

"நான் எப்ப வரேன், எப்ப ஒண்ணுக்குப் போறேன்னு மிஷினு எழுதி வைக்கப் போவுது. அதை நீ பார்க்கப் போற. வேற இன்னா?"

சின்னக் காஞ்சிபுரத்து லக்ஷணா வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அக்கா, நான் யார்கூட சாட் பண்றேன்னுகூட உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. நீ உள்ள வந்தது மட்டும்தான் தெரியும்."

லக்ஷணா தலையாட்டினாள். ஆனால் மறுநாளிலிருந்து அக்கா என்று கூப்பிடுவது மேடம் ஆயிற்று. ரேணுகாம்பாள் டிசைன் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. யாராவது ஒருவர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். சாப்பாட்டு வேளையில் கூடவே சாப்பிடுகிற பில் செக்ஷன் பெண்கள்கூட டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனார்கள்.

இதெல்லாம் போதாதென்று காலையில் லேப்டாப்பைத் திறந்தவுடன் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்து நின்றது. பெட்டி நம்மை யாரென்று கேட்கிற மாதிரி, நம் லேப்டாப்பும் பெட்டியின் சான்றிதழைப் பார்த்து அது நம் கடைப் பெட்டிதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்த சர்வரை நம்பலாமா என்பதுதான் அந்தக் கேள்வி. சான்றிதழை ஒவ்வொரு லேப்டாப்பிலும் முறையாக ஏற்றிவிட்டால் அந்தக் கேள்வி வராது. அதற்கு ஒரு வாரமாவது பிடிக்கும். அதுவரைக்கும் பொறுக்க யாரும் தயாராக இல்லை.

"அதுவே கேக்குது பாரு, நம்பலாமான்னு!" என்று வீரபாகு அறை அதிரக் கத்தினார். "இதுக்கு நான் இன்னா பதில் சொல்ல? ஆமான்னா மாட்டிக்குவேனா, இல்லன்னா மாட்டிக்குவேனா?"

ரேணுகாம்பாளுக்கு அலுத்துவிட்டது. சான்றிதழைச் சரிபார் என்று இருந்த இடத்தில் டிக்கை எடுத்துவிட்டாள். எல்லா லேப்டாப்பிலும் எடுத்தாள். கேள்வி நின்றது. கத்தலும் நின்றது. தீபாவளிக் கூட்டம் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆடி கடைசியில் மாணிக்கவேல் மகிழம்பூ பார்டர் ஒன்றை முடித்தான். சின்னச் சின்னப் பூவாக ஓரம் முழுக்க உதிர்ந்து கிடக்கிற மாதிரி. காசிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது போதும்யா தீபாவளிக்கு" என்றார். தறியில் பூ விழவைக்கும் அட்டையைக் குத்தி, பிள்ளையார்பாளையத்தில் ஆறு தறிக்கு அனுப்பினார்கள்.

ஆவணி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் ரேணுகாம்பாள் பதிவை ஆற அமர உட்கார்ந்து படித்தாள். மதியம் ஒன்றரை மணிக்கு டிசைன் அறையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் ஒரே ஒரு பெயர் மட்டும் உள்ளே வந்திருந்தது. இருபது நிமிஷம், இருபத்தைந்து நிமிஷம் இருந்துவிட்டுப் போயிருந்தது. முந்தின நாளும் அப்படியே. அதற்கு முந்தின நாளும்.

பெயர், மாணிக்கவேல்.

அவள் திரையை மூடினாள். பதிவில் இன்னும் விவரம் இருக்கும். எந்த மிஷினிலிருந்து வந்தது என்பதுகூட அடுத்த பக்கத்தில் இருக்கும். பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவள் அவள்தான், பார்க்கத் தெரிந்தவளும் அவள்தான். இருந்தும் அதற்கு மேல் போகக் கை வரவில்லை.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் உறைத்தது. இரண்டு வாரமாக மாணிக்கவேல் மத்தியானம் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அவசர அவசரமாக நாலு வாய் போட்டுக்கொண்டு, டப்பாவைக் கழுவாமல் வைத்துவிட்டு, "கோயில் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று போய்விடுகிறான். புருஷனுக்குப் பக்தி வந்ததில் அவளுக்குச் சந்தோஷம்கூட இருந்தது. ஆனால் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் சாயந்திரம் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். காஞ்சிபுரத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

ஒன்பது நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. காலையில் எழுந்து களி கிண்டினாள், முருங்கைக்கீரை ஆய்ந்தாள், மகள் துளசிக்குச் சடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அவன் ஓட்டுகிற டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கடைக்கு வந்தாள். முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பன்னிரண்டு வருஷமாகப் பார்த்த முதுகு. அவனும் பேசவில்லை. காராமணிக் குழம்பில் உப்பு தூக்கலாக இருந்த அன்றுகூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தான். சொல்லாதவன் அல்ல அவன். சில சமயம் அவள் திரும்பும்போது அவன் அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். பார்த்ததும் கண்ணை எடுத்துக்கொள்வான். குற்றம் செய்தவன் பார்வை இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

அந்த ஒன்பது நாளும் காசிநாதன் மாடிப்படியில் எதிர்ப்பட்டால், "ஏதாச்சும் தெரிஞ்சிதாம்மா?" என்று கேட்பார். "இன்னும் இல்ல மொதலாளி" என்பாள்.

பத்தாம் நாள் அவன் கோயிலுக்கென்று கிளம்பியதும் இவளும் கிளம்பினாள். வானம் மூடிக்கொண்டு, காற்று அசையாமல், தெரு முழுக்க வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி இருந்தது. மாணிக்கவேல் கோயில் பக்கம் திரும்பவேயில்லை. தெருமுனை வரை போய், பஸ்ஸுக்குப் பின்னால் சாலையைக் கடந்து, எதிர்ச் சாரியில் நிழலோடு நிழலாகத் திரும்பி வந்தான். நேராக எதிர்க்கடைக்குள் நுழைந்தான்.

ரேணுகாம்பாள் பாத்திரக்கடை வாசலில் அடுக்கி வைத்திருந்த குடங்களுக்குப் பக்கத்தில் நின்றாள். கண்ணாடிக்குள் எல்லாம் தெரிந்தது. அவன் வாங்க வந்தவர்களோடு விரிப்பில் உட்கார்ந்தான். ஒரு பெண் புடவைகளை எடுத்துப் போட்டாள். ஒன்றை மட்டும் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஓரத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஆள்காட்டி விரல் நகத்தால் எதையோ எண்ணினான். மறுபடி எண்ணினான். எழுந்து வந்தபோது சாவு வீட்டிலிருந்து வருகிறவன்போல இருந்தான். கையில் ஒன்றுமில்லை. பாத்திரக்கடைக் கடிகாரத்தில் மணி இரண்டு அடிக்க நாலு நிமிஷம் இருந்தது.

நாலு மணிக்கு டீ வந்தபோது அவள் அவனை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டாள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. சாயப் பட்டறையிலிருந்து வந்த நூல்சிட்டங்களைக் கொடியிலிருந்து இரண்டு பெண்கள் அவசரமாக உருவிக்கொண்டு போனார்கள். அவர்கள் இறங்கும் வரை காத்திருந்தாள்.

"நடை சாத்தியிருக்கறப்போ எந்த சாமியை கும்பிட்டுட்டு வரீங்க?"

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "பின்னாடியே வந்தியா?"

"வந்தேன்."

"நல்லதாப் போச்சு. நானும் ஒன்னு கேக்கறேன்." சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த கிராப் தாளை எடுத்தான். "நான் போட்ட மகிழம்பூவுக்கு எத்தினி இதழு?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"தறியில ஓடறது ஏழு இதழு. சர்வர்ல இருக்கறது எட்டு. அட்டை குத்தறப்போ நானே ஒரு இதழை எடுத்துட்டேன். வீரபாகு அண்ணனுக்குக்கூட தெரியாது. தறியிலேர்ந்து திருடியிருந்தா ஏழு வரணும், கம்ப்யூட்டர்லேர்ந்து திருடியிருந்தா எட்டு வரணும். அதைப் பார்க்கத்தான் மூணு வாரமா அந்தக் கடைக்கு நடந்துக்கினு இருக்கேன். இன்னிக்குத்தான் போட்டிருக்கான்." தாளை விரித்துக் காட்டினான். "எட்டு இருக்குது ரேணு. நாலு வாட்டி எண்ணிப் பார்த்தேன்."

"அப்போ நான் சொன்னதுதான். கம்ப்யூட்டர்லேர்ந்துதான் போவுது."

"கம்ப்யூட்டரு யாரு கையில இருக்குது?"

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் தூறலில் நிற்கிறோம் என்பதுகூட மறந்தது.

"என்னையா சொல்றீங்க?"

"எல்லார் சாவியும் உங்கிட்டதானே இருக்குது. எல்லாரும் போனப்புறம்தான் எடுக்க முடியும். வீரபாகு அண்ணன் எட்டு மணிக்குமேல இருக்கமாட்டாரு. அந்தப் பொண்ணு லக்ஷணா நேத்து வந்தது. மீதி யாரு? நான் எத்தினி விதமா யோசிச்சுப் பார்த்தேன். எப்டி சுத்தினாலும் உங்கிட்டதான் வந்து நிக்குது."

"இன்னா மனுஷன்யா நீ!" என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அவனை நீ என்றது அதுதான் முதல் தடவை. "அங்க பதிவுல தினமும் ஒன்றரை மணிக்கு உன் பேரு வந்து நிக்குது. மொதலாளி படியில நிறுத்தி நிறுத்திக் கேக்கறாரு. வாயைத் தைச்சுக்கினு நான் சுத்திக்கினு இருக்கேன். நீ என்னைத் திருடின்னு எண்ணிக்கினு இருக்கியா?"

"என் பேரா? ஒன்றரைக்கா? நான்தான் இங்கயே இல்லையே!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் அவன் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் படியிறங்கினாள்.

அன்றைய பதிவைத் திறந்தாள். மாணிக்கவேல், ஒன்று முப்பத்தெட்டுக்கு உள்ளே. இரண்டு ஆறுக்கு வெளியே. இரண்டடிக்க நாலு நிமிஷம் இருக்கும்போது அவன் எதிர்க்கடைப் படியில் இறங்கியதை அவளே பார்த்தாள். அவனுக்கு அவளே சாட்சி. பத்து நாளாகத் திறக்கப் பயந்த அடுத்த பக்கத்தை இப்போது திறந்தாள். மிஷினின் நம்பர் இருந்தது. மாணிக்கவேலின் லேப்டாப்பைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த நம்பரோடு ஒப்பிட்டாள். அது வேறு, இது வேறு.

"யாரோ உங்க பேரை சொல்லிக்கினு வரான்" என்றாள். மரியாதை திரும்பியிருந்தது.

"என் பாஸ்வேர்டு அவனுக்கு எப்டி தெரியும்? நான் யாருகிட்டயும் சொல்லலையே."

அவள் பின்பக்கத்து ஜன்னலை ஒட்டி இருந்த அவன் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பின் சந்துக்கு இறங்கினாள். நிறைசூலி நடக்கிற மாதிரி நிதானமாக நடந்தாள். கடையை விட்டுத் தள்ளிப் போகப் போகக் கடைப் பெயர் போட்ட சிக்னல் குறைய வேண்டும். குறையவில்லை. கூடிக்கொண்டே போயிற்று. பழனியின் நெட் சென்டர் மாடிக்கு நேர் கீழே வந்தபோது எல்லாக் கோடும் நிறைந்து நின்றது. விவரத்தைத் திறந்து பார்த்தாள். பெயர் எழுத்துக்கு எழுத்து அவர்கள் கடைப் பெயர். பெட்டி அவர்கள் பெட்டி இல்லை.

"இன்னாக்கா, மழையில லேப்டாப்பைத் தூக்கிக்கினு?" என்று மேலேயிருந்து பழனி கேட்டான். எப்போதும்போல மரியாதையாகத்தான் கேட்டான்.

"சிக்னல் பார்க்கறேன் தம்பி" என்றாள்.

மறுநாள் காலை பதிவைக் காசிநாதனிடம் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அவரும் வீரபாகுவும் அவளும் பழனியின் மாடிக்கு ஏறினார்கள். மாணிக்கவேல் கீழே சந்தில் நின்றான். பெட்டி ஜன்னல் விளிம்பில், தலையில் மழைக்காகக் கவிழ்த்த சின்ன எவர்சில்வர் மூடியோடு, கடைப் பின்பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பழனி மறைக்க முயலவில்லை.

"என் வூடு, என் பெட்டி. நான் எந்தப் பேரு வேணா வைப்பேன். பேருக்கு நீங்க பட்டா வாங்கி வச்சிருக்கீங்களா மொதலாளி?"

"எதிர்க்கடைக்காரன் எத்தினி குடுத்தான்?" என்று வீரபாகு அவன் சட்டையைப் பிடிக்கப் போனார். காசிநாதன் தடுத்தார். ரேணுகாம்பாள் மட்டும் ஒன்று கேட்டாள். "மாணிக்கவேல் பாஸ்வேர்டை எப்டி எடுத்த?"

பழனி சிரித்தான். "நான் எங்கக்கா எடுத்தேன்? அவரு லேப்டாப்பே என் பெட்டியைத் தேடி வந்து குடுத்துது. பக்கத்துல எது பலமா இருக்குதோ அதுல போயி ஒட்டிக்கும். பூட்டித்தான் குடுத்துது. ஆனா பொண்ணு பேரும் பொறந்த வருஷமும் வச்சா ஒரு மத்தியானத்துல தொறந்துக்குது." பிறகு அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னான். "நீ யாருன்னு என் பெட்டியை அது ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் மாட்டியிருப்பேன். கேக்க வேணாம்னு வச்சது நீங்கதானே."

வீரபாகுவும் காசிநாதனும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்கு வந்ததும் எல்லோரும் கூடியிருந்த டிசைன் அறையில் ரேணுகாம்பாள் நின்றுகொண்டே பேசினாள். உட்கார்ந்தால் குரல் நிற்காது என்று தோன்றியது.

"அவன் சொன்னது நெஜம் மொதலாளி. பெட்டி நம்மகிட்ட பேரு கேக்கற மாதிரி, அது நம்ம பெட்டிதானான்னு நாமளும் கேக்கணும். அதுக்கு ஒரு டிக்கு இருக்குது. நான்தான் எடுத்துட்டேன்."

"நான் கத்தினேன், அதனால எடுத்தா" என்றார் வீரபாகு, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அண்ணன் மேல பழி இல்ல. யாரு கத்தினாலும் நான் எடுத்திருக்கக் கூடாது."

காசிநாதன் அவள் பக்கம் திரும்பி, "ஒம்பது நாளா உன் வூட்டுக்காரன் பேரு வந்துக்கினு இருந்திச்சு இல்ல?" என்று கேட்டார்.

"ஆமா."

"எங்கிட்ட சொல்லல."

"சொல்லல மொதலாளி."

"சொல்லியிருந்தா அன்னிக்கே அவனை வெளிய அனுப்பியிருப்பேன்" என்றார். அது அவளைத் திட்டியதா தன்னையே சொல்லிக்கொண்டதா என்று யாருக்கும் விளங்கவில்லை. "இப்ப இன்னா பண்ணணும்?"

"எல்லா லேப்டாப்பிலயும் சான்றிதழ் ஏத்தணும். ஏத்தாத மிஷினு உள்ள வரக்கூடாது. கேள்விக்கு ஆமா, இல்லன்னு ஆளுங்க அமுக்கற வேலையே இருக்கக் கூடாது. ஒரு வாரம் எல்லாரும் கையால வேலை செய்யணும்."

"என் லேப்டாப்பு? அது சிங்கப்பூர்லேர்ந்து பொண்ணு அனுப்பினது. அதுல எதையும் ஏத்த வேணாம். பழைய மாதிரியே வுட்டுடு."

"உங்களுதும் உள்ள வராது மொதலாளி."

காசிநாதன் லேப்டாப் பையைத் தோளிலிருந்து கழற்றி அவள் மேஜைமேல் வைத்தார். வாசல்படியில் நின்று திரும்பிச் சொன்னார். "அந்தப் பதிவை இனிமே நீ மட்டும் பார்க்க வேணாம். வாராவாரம் இந்தப் பொண்ணு லக்ஷணாவும் கூட உட்கார்ந்து பார்க்கட்டும்."

அது அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் சரியென்றும் பட்டது.

போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். எஸ்.ஐ. இரண்டு தடவை கேட்டுவிட்டு, திருடுபோன பொருள் எது என்று மூன்றாவது தடவையும் கேட்டார். பழனி பெட்டியை எடுத்துவிட்டு, நெட் சென்டரைச் சாத்திக்கொண்டு, செங்கல்பட்டுப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். எதிர்க்கடை மகிழம்பூப் புடவைகளைத் தீபாவளி வரைக்கும் விற்றது. அதைத் தடுக்க முடியவில்லை. ரேணுகாம்பாள் ஏழு நாளும் கடை திறக்கும் முன்பே வந்து ஒவ்வொரு லேப்டாப்பாகச் சான்றிதழ் ஏற்றினாள். ஆறாம் நாள் லக்ஷணா பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நான் எதாவது பண்ணட்டுமா அக்கா?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயம்பேட்டையில் காலையிலிருந்து மழை. விதைக்கு வைத்திருந்த கடலை மூட்டையில் ஈரம் பட்டுவிட்டதென்று அவிழ்த்துக் வீட்டுக் கூடத்தில் கொட்டி, ரேணுகாம்பாளும் மாணிக்கவேலும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார்கள். துளசி பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். ஒரு வாரமாக வீட்டில் தேவைக்குமேல் பேச்சில்லை.

"நீ என்னை எத்தினி நாளு சந்தேகப்பட்ட?" என்று மாணிக்கவேல்தான் ஆரம்பித்தான்.

"பத்து நாளு."

"நான் மூணு வாரம். உன்னைவிட நான்தான் மோசம்." ஒரு கைப்பிடி உரித்த பிறகு சொன்னான். "இனிமே தோணிச்சுன்னா அன்னிக்கே கேட்டுடு."

"கேட்டா சொல்லுவீங்களா?"

"சொல்லமாட்டேன். சண்டை போடுவேன். இருந்தாலும் கேட்டுடு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அப்போ இப்பவே ஒன்னு கேக்கறேன். நான்தான் எடுத்துக் குடுத்தேன்னு தெரிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

அவன் கை நிற்கவில்லை. ஓட்டை நெரித்தான், பருப்பை முறத்தில் போட்டான். "புதுசா அட்டை குத்தி எட்டு இதழாவே தறிக்கு அனுப்பியிருப்பேன்" என்றான்.

அவள் உரிப்பதை நிறுத்திவிட்டாள். தறியிலும் எட்டு, சர்வரிலும் எட்டு என்றால் எங்கிருந்து போயிற்று என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. அவன் அதையும் யோசித்து வைத்திருந்தான்.

"நீ?" என்றான் அவன்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். "பதிவுலேர்ந்து உங்க பேரை அழிக்க ஒரு நிமிஷம் ஆவாது. தினமும் அதைத் தொறந்து வச்சிக்கினு உட்கார்ந்திருந்தேன்" என்றாள். "அழிக்கல."

"மொதலாளிகிட்ட சொல்லவும் இல்லையே."

"இல்ல."

மாணிக்கவேல் தலையை ஆட்டினான். பிறகு அவள் கைக்கு எட்டும்படி கடலைக் குவியலை அவள் பக்கம் ஒதுக்கித் தள்ளினான். மழை விடுகிற மாதிரி இல்லை. இன்னும் முக்கால் மூட்டை மிச்சமிருந்தது.